ஓடுகிறது, ஓடும்

தில்லியில் அது மே மாதம். ஒரு பல்கலைக்கழகத்தின் மொழியியல் ஆய்வகத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த மேசைக் கணினி, திங்கட்கிழமை காலை கிளம்பவில்லை. தாய்ப்பலகை போய்விட்டது என்பது பிற்பகலுக்குள் தெரிந்தது. முடிந்துபோன ஓர் ஆய்வுத்திட்டத்தின் மிச்சமாக, உறை பிரிக்காத தாய்ப்பலகையும் செயலியும் நினைவகமும் அலமாரியில் இருந்தன. வன்தட்டு நலமாக இருந்தது. குறையென்று ஒன்று உண்டென்றால் அது மின்வழங்கிதான். அதையும் இல்லையென்று சொல்வதற்கில்லை. கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கும் அந்தச் சாம்பல்நிற இரும்புப் பெட்டி 2013இல் பழைய கணினியோடு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தது, இன்னும் உழைக்கிறது. அதையே புதிய தாய்ப்பலகைக்கும் பூட்டிவிடலாமா என்பதே கேள்வி.

முடிவு செய்யும் பொறுப்பு ஓர் ஆய்வு மாணவியின் மீது விழுந்தது. அந்தக் கணினியை அதிகம் பயன்படுத்தியவள் அவள்தான். நேரு பிளேஸில் நம்பத்தகுந்த புதிய மின்வழங்கி ஒன்று ஏறத்தாழ நாலாயிரம் ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் வழியிலான உதவித்தொகை கிடைக்காத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். அவளுக்கு அதுவும் மூன்று மாதமாக வரவில்லை. துறையின் சில்லறைச் செலவுக்கான தொகை தீர்ந்திருந்தது. விண்ணப்பம், விலைப்புள்ளி, கையொப்பம் என்று போனால் மழைக்காலம் வந்துவிடும். ஆய்வேட்டின் மூன்றாம் இயலை ஜூன் இறுதிக்குள் அவள் ஒப்படைத்தாக வேண்டும்.

கணினியின் வன்தட்டில் இருந்தவை ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் அவள் மூன்று களப்பயணங்களில் பதிவுசெய்த 41 மணிநேரப் பேச்சு. கதபா என்னும் பெயரால் அழைக்கப்படும் மக்களில் ஒரு பகுதியினர் குதோப் என்ற முண்டா மொழியைப் பேசுகின்றனர். மற்றொரு பகுதியினர் பேசுவது திராவிட மொழி. அவள் ஆய்வு இரண்டாவதைப் பற்றியது. பதிவுகளில் பெரும்பகுதி ஒரே மூதாட்டியின் குரல். விதைப்பு, பிரசவம், மாமியாரோடு மூண்ட சண்டை, காட்டில் வழி தவறிய கதை என்று சலிக்காமல் பேசியவர். முந்தைய குளிர்காலத்தில் அவர் இறந்துவிட்டார். மீண்டும் போய்க் கேட்டுவர இனி வழியில்லை.

கள மொழியியலில் இத்தகைய இழப்பின் எடை எல்லோருக்கும் தெரிந்ததே. 2010 ஜனவரியில் அந்தமானில் போவா சீனியர் மறைந்தபோது அகா-போ மொழியைப் பேசுவோர் எவரும் இல்லாமற்போயினர். அன்விதா அப்பி போன்றோர் பதிந்துவைத்த ஒலிதான் இன்று அம்மொழி காதில் விழுவதற்கு இருக்கும் வழி. கதபாவின் நிலை அவ்வளவு கடுமையானதன்று, பேசுவோர் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மூத்தவரும் தம்மோடு கொண்டுபோவது அவரிடம் மட்டுமே இருந்த ஒன்று. பதிவோடு முடிவதுமில்லை. ஒரு நிமிடப் பேச்சைக் கேட்டு எழுதி, உருபு பிரித்து, பொருள் குறிக்க ஒரு மணிநேரம்வரை ஆவது இத்துறையில் சாதாரணம். ஈலான் மென்பொருளில் அவள் செய்த அந்த வேலை முழுவதும் அதே வன்தட்டில் இருந்தது.

ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளர் ஓய்வுபெற இரண்டாண்டு மீதமிருப்பவர். துறையில் நின்ற எந்தப் பொருளையும் ஒருமுறையாவது ஓடவைத்தவர். பழைய மின்வழங்கியைக் கையிலெடுத்து, விசிறித் துளைகளில் தூசியை ஊதித் தள்ளி, தயக்கமின்றித் தீர்ப்புச் சொன்னார்: “சலேகா, பேட்டா.”

இந்தியில் அச்சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. ‘ஓடும்’ என்பது ஒன்று; ‘பரவாயில்லை, இது போதும்’ என்பது மற்றொன்று. பொருளின் திறனைப் பற்றிய கூற்றா, பேசுபவரின் மனநிறைவைப் பற்றிய கூற்றா என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும். தமிழின் ‘ஓடும்’ வேறொரு வகையில் நழுவக்கூடியது. ‘இந்த வண்டி நன்றாக ஓடும்’ என்றால் இதுவரை அப்படித்தான் ஓடிவருகிறது என்ற வழக்கத்தையும் குறிக்கலாம், நாளையும் ஓடும் என்ற எதிர்பார்ப்பையும் குறிக்கலாம். நேற்றைய வழக்கத்துக்கும் நாளைய உறுதிக்கும் ஒரே வினைமுற்று. ‘ஓடுகிறது’ என்பதற்குச் சான்று கண்முன் இருக்கிறது. ‘ஓடும்’ என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்பதுதான் அந்த வாரம் முழுவதும் அவளுடைய வேலையாயிற்று.

அந்தப் பெட்டி செய்வது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. பின்னர் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறிய மின்மாற்றி வழியே இறக்கி, 12, 5, 3.3 வோல்ட் என மூன்று வரிசைகளில் கணினிக்குத் தருகிறது. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். தரத்தின்படி இந்த அளவுகள் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. அதாவது 12 வோல்ட் என்பது 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். செயலி, நினைவகம், வன்தட்டு எல்லாமே இந்த ஒரு பெட்டியை நம்பித்தான் நிற்கின்றன. மற்ற உறுப்பு பழுதானால் பெரும்பாலும் அது மட்டும் போகும். மின்வழங்கி மோசமாகப் பழுதானால் தன்னோடு இணைந்தவற்றையும் கொண்டுபோகக்கூடும்.

அது மூப்படைவது பெரும்பாலும் மின்தேக்கிகள் வழியாக. அந்த உருளைகளுக்குள் ஈரமான மின்பகுபொருள் இருக்கிறது. வெப்பத்தில் அது மெல்ல உலர்கிறது. வெப்பநிலை பத்து பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், கூடினால் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. மலிவான மின்தேக்கி 105 பாகையில் 2,000 மணிநேரம் என்று தரப்படுத்தப்பட்டிருக்கும். அதே கணக்கில் 65 பாகையில் அது 32,000 மணிநேரம். ஆய்வகக் கணினி ஆண்டுக்கு 250 நாள், நாளுக்குப் பத்து மணிநேரம் ஓடியது. பன்னிரண்டு ஆண்டில் 30,000 மணிநேரம். தில்லிக் கோடையில் குளிர்சாதனம் இல்லாத அறையில், தூசி அடைத்த விசிறியோடு, அந்தப் பெட்டியின் உட்புறம் 65 பாகையைத் தொட்டிருக்க மாட்டாது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. எல்லா மாதமும் மே அன்று. டிசம்பரில் கணக்கு வேறு. ஆயினும் அந்தப் பொருள் தன் ஆயுளின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதை அக்கணக்கு காட்டியது.

கணக்கை மட்டும் வைத்து ஒரு பொருளைக் கழித்துவிடக் கூடாது என்றார் உதவியாளர். அது நியாயம். எனவே சோதித்தார்கள். மின்னிணைப்பை நீக்கிய பின்னும் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கியில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும் என்பதால் பெட்டியைத் திறக்கவில்லை; துளைகளின் வழியே கைவிளக்கு அடித்துப் பார்த்தார்கள். தெரிந்தவரை எந்த உருளையின் தலையும் உப்பியிருக்கவில்லை. கருகிய வாடை இல்லை. விசிறி முனகியது, ஆனால் சுழன்றது. பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்தவுடன் பெட்டி கிளம்பியது. கிளம்புகிறது என்பதற்கு மேல் அச்சோதனை எதையும் சொல்வதில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே வன்தட்டு எதையும் பூட்டாமல், கழித்துவைத்த வேறொரு கணினியில் அதைப் பொருத்தி, செயலிக்குக் கடுமையான கணக்கைக் கொடுத்து, மல்டிமீட்டரால் அளந்தார்கள். சும்மா இருக்கும்போது 11.93 வோல்ட். சுமை ஏறியதும் 11.52. அதே நேரத்தில் 5 வோல்ட் வரிசை 5.18க்கு ஏறியது.

மல்டிமீட்டர் காட்டுவது சராசரியை மட்டும். அந்தச் சராசரியின் மேல் நொடிக்குப் பல்லாயிரம் முறை எழுந்து விழும் சிற்றலையை அது காணாது. மின்தேக்கிகள் தளர்ந்திருப்பதை முதலில் காட்டுவது அந்தச் சிற்றலைதான். இயற்பியல் துறையில் ஒரு நண்பர் அலைநோக்கியில் பார்த்துச் சொன்னார்: 12 வோல்ட் வரிசையில் சிற்றலை 100 மில்லிவோல்ட்டை ஒட்டி நிற்கிறது. வரம்பு 120.

எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. உதவியாளரின் முகத்தில் வெற்றிக்களை. அவர் சொன்னதில் பிழையில்லை. எந்த அளவும் வரம்பைத் தாண்டவில்லை. ஆனால் எல்லா அளவும் வரம்பின் விளிம்புக்கு அருகில் நின்றன. மின்தேக்கி உலர உலர அதன் உள்மின்தடை கூடுகிறது. தடை கூடினால் அது தானே சூடாகிறது. சூடானால் மேலும் விரைந்து உலர்கிறது. இத்தகைய தேய்வு ஆண்டுக்கு இத்தனை என்று சீராக நடப்பதன்று. பன்னிரண்டு ஆண்டில் இவ்வளவுதான் தளர்ந்தது, ஆகவே இன்னும் மூன்றாண்டு தாங்கும் என்று கோடு நீட்டிச் சொல்ல அதில் இடமில்லை.

இதற்கிடையில் அவளுக்கு இன்னொரு சான்று கிடைத்தது, யாரும் தேடாத இடத்தில். ஆய்வகத்தில் பழுதுகளை எழுதிவைக்கும் நீளக் குறிப்பேடு ஒன்று உண்டு. தாய்ப்பலகை போன நாளைப் பதிவுசெய்ய அதைத் திறந்தவள், பின்னோக்கிப் புரட்டினாள். ஓராண்டுக்கு முந்தைய பக்கம் ஒன்றில், ‘மின்சாரம் போனபோது கணினி அணைந்து மீண்டும் கிளம்பியது, யூ.பி.எஸ். பழுது’ என்றிருந்தது. இரு மாதம் கழித்து மீண்டும் அதே வரி. அதன்பின் ‘யூ.பி.எஸ். மின்கலம் புதிதாக மாற்றப்பட்டது.’ ஆனால் புதிய மின்கலத்துக்குப் பிறகும் அதே வரி மேலும் நான்கு முறை, வெவ்வேறு கையெழுத்துகளில். ஒவ்வொருவரும் தமக்கு முன் எழுதியவரைப் பார்த்து ‘யூ.பி.எஸ். பழுது’ என்றே எழுதியிருந்தார்கள். அதே யூ.பி.எஸ்.ஸில் இருந்த அச்சுப்பொறியும் இன்னொரு கணினியும் ஒருமுறைகூட அணையவில்லை என்பதை எவரும் கவனிக்கவில்லை.

மின்சாரம் நின்றதும் யூ.பி.எஸ். மின்கலத்துக்கு மாறச் சில மில்லிநொடிகள் ஆகும். அந்த இடைவெளியைக் கடக்க வேண்டியது மின்வழங்கியின் பொறுப்பு. உள்ளே வரும் மின்சாரம் நின்றபின்னும் ஏறத்தாழ 16 மில்லிநொடி வெளியீட்டைத் தாங்கிப்பிடிக்க வேண்டும் என்பது ஏ.டி.எக்ஸ். எதிர்பார்ப்பு, பெரிய மின்தேக்கி சேர்த்துவைத்திருக்கும் மின்னூட்டம் அதற்காகத்தான். அது தளர்ந்துவிட்டால் யூ.பி.எஸ். எவ்வளவு நன்றாக இருந்தாலும் கணினி அணையும். யூ.பி.எஸ். இருக்கும்போது மின்வழங்கியைப் பற்றி என்ன கவலை என்று பலரும் எண்ணுவது தவறாவதும் இங்கேதான். யூ.பி.எஸ். காப்பது பெட்டிக்குள் போவதை. பெட்டியிலிருந்து வருவதை அன்று.

தாய்ப்பலகை ஏன் போனது என்ற கேள்வியும் அப்போதுதான் எழுந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பலகை தானாகவும் போகலாம். ஆனால் போனதற்குக் காரணம் தெரியாதவரை, அதற்கு மின்சாரம் தந்துகொண்டிருந்த பெட்டியை ஐயத்திலிருந்து விடுவிக்க முடியாது. காரணம் கேட்காமல் அதைப் புதிய பலகைக்குப் பூட்டுவது, களவு நடந்த வீட்டில் பழைய காவலாளியை விசாரிக்காமலே மறுபடி நியமிப்பதைப் போன்றது.

அன்றிரவு விடுதி அறையில் அவளை அச்சுறுத்தியது வேறொன்று. பதிவுகளுக்கு இரண்டு படிகள் இருக்கின்றன என்றே இத்தனை நாளும் அவள் நம்பியிருந்தாள்: ஒன்று கணினியின் உள்வன்தட்டில், மற்றொன்று யூ.எஸ்.பி. வழியே இணைக்கும் கையடக்க வன்தட்டில். அந்தக் கையடக்க வன்தட்டுக்குத் தனி மின்னிணைப்பு கிடையாது. அதற்கு வேண்டிய 5 வோல்ட்டும் யூ.எஸ்.பி. வழியே அதே மின்வழங்கியிலிருந்துதான் வருகிறது. எளிதாக இருக்கட்டும் என்று அவள் அதைக் கழற்றுவதே இல்லை. அந்தத் திங்கட்கிழமை வேறுவிதமாக விடிந்திருந்தால் இரண்டு படிகளும் ஒரே கணத்தில் போயிருக்கலாம். இரண்டு என்று அவள் எண்ணிவந்தது உண்மையில் ஒன்றுதான்.

மறுநாள் காலை அவள் செய்த முதல் வேலைக்கும் மின்வழங்கிக்கும் தொடர்பில்லை. ஒரு தோழியின் மடிக்கணினியில் இரண்டு வன்தட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, எல்லாவற்றையும் படியெடுத்தாள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரட்டைத் தடம் என்ற தரத்தில் ஒரு மணிநேரப் பதிவு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட். நாற்பத்தொரு மணிநேரமும், அதன்மேல் செய்த மூன்றாண்டு உழைப்பும், விரல்நகம் அளவு நினைவட்டை ஒன்றில் இடம் மிச்சம் விட்டு அடங்கிவிட்டன. அட்டையின் விலை சில நூறு ரூபாய். இத்தனை நாளும் குறைவாக இருந்தது பணம் அன்று. ஒரு படி ஆய்வு நெறியாளரின் வீட்டுக்குப் போனது. மற்றொன்று அஞ்சலில் கோராபுட்டுக்கு, மூதாட்டியின் பேரனுக்குப் போனது. பாட்டியின் பேச்சு வேண்டும் என்று அவர் முன்பே கேட்டிருந்தார். அனுப்புகிறேன் என்று சொல்லி ஓராண்டு கடந்திருந்தது.

படிகள் பாதுகாப்பான பிறகு கேள்வியின் கனம் குறைந்தது. இப்போது ஒரு புதிய தாய்ப்பலகையையும் ஒரு செயலியையும், ஒருவேளை ஒரு மாத வேலையையும் பணயம் வைக்கலாமா என்பதுதான் மிச்சம். அப்படிக் கேட்டபோது விடை எளிதாகவே வந்தது. இருபதாயிரம் ரூபாய்ப் பொருளை, நாலாயிரத்தை மிச்சப்படுத்த, விளிம்பில் நிற்கும் ஒன்றோடு பூட்டுவது சிக்கனமாகாது.

உதவியாளர் அதை ஏற்றுக்கொண்டார், ஆனால் வருத்தத்தோடு. அவர் வாதத்தின் மறுபக்கம் மறக்கத்தக்கதன்று. “நீங்கள் எல்லாரும் தூக்கிப்போடுவது எங்கே போகிறது தெரியுமா, பேட்டா?” என்று கேட்டார். யமுனைக்கு அப்பால் சீலம்பூரில் கணினிகளைக் கையால் உடைத்து, கம்பியை எரித்துச் செம்பெடுக்கும் சந்துகளை அவர் பார்த்திருக்கிறார். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலிருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகள் என்ன சொன்னாலும், தெருவில் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்ட பொருள் போகும் வழி பெரும்பாலும் அதுவே. ஓடும் பொருளைக் கழிப்பது அவருடைய தலைமுறைக்குக் கூச்சம் தரும் செயல். அந்தக் கூச்சம்தான் அந்த ஆய்வகத்தைப் பன்னிரண்டு ஆண்டு ஓட்டியது.

எனவே பெட்டி குப்பைக்குப் போகவில்லை. பழைய விசிறிகளையும் கழித்த பலகைகளையும் சோதிக்க அவர் மேசையிலேயே அது தங்கியது. அங்கே அது நின்றுபோனால் அவர் ஒருமுறை உச்சுக்கொட்டுவார், அவ்வளவுதான் இழப்பு. ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் ஓட்ட வேண்டும், இரவில் விட்டுப்போகக் கூடாது என்பது அவரே வகுத்த விதி. அங்கும் நின்றபின் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதாகக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டார்.

புதிய மின்வழங்கிக்கான பணம் விண்ணப்பத்தால் வரவில்லை. ஆய்வகத்தைப் பயன்படுத்தும் ஆறு பேர் தலைக்கு 700 ரூபாய் போட்டார்கள். துறை பின்னர் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கருவி மாணவர்களின் சாப்பாட்டுக் காசில் வாங்கப்படுவதைப் பெருமையாகச் சொல்வதற்கில்லை. நாட்டில் எத்தனையோ ஆய்வகங்களில் முடிவு மறுபக்கம் சாய்வதற்குக் காரணம் அறியாமையன்று, அந்த 700 ரூபாய் இல்லாமைதான்.

பழைய பெட்டியின் மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் சோதித்த தேதி, 11.93, 11.52, 5.18 என்ற அளவுகள், கீழே இந்தியில் ‘சோதனைக்கு மட்டும்’. களப்பதிவுக்கு இடமும் நாளும் குறிப்பதைப் போலவே அவள் அதை எழுதினாள். அடுத்து அதைக் கையிலெடுப்பவர் யாராயினும், ‘ஓடுகிறது’ என்பதற்கான சான்று தாளில் இருக்கும். ‘ஓடும்’ என்று சொல்வதா என்பதை, அதில் எதைப் பூட்டப் போகிறோம் என்று பார்த்து அவரே முடிவு செய்துகொள்ளலாம்.

ஜூலை முதல் வாரத்தில் கோராபுட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அட்டை போய்ச் சேர்ந்திருந்தது. பேரன் அதிகம் பேசவில்லை. கைப்பேசியை ஒலிபெருக்கியின் அருகே பிடித்தார். வழி தவறிய கதையில் மூதாட்டி சிரிக்கும் இடம் அது.